இணையச் சொற்கள் புரியவில்லையா? எம்டிஎன் போங்கள், ஆனால் அகரவரிசையில் படிக்காதீர்கள்

பிரவுசர் எது, தேடுபொறி எது என்று தெரியாமலேயே வருடக்கணக்கில் இணையத்தில் புழங்குகிறவர்கள் நிறைய. தப்பொன்றும் இல்லை, யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அவர்களுக்கு நான் தயங்காமல் கைகாட்டுவது ஃபயர்பாக்ஸ் பிரவுசரைத் தரும் மொசில்லா 2005இல் தொடங்கிய எம்டிஎன் (MDN) என்ற, இணையத் தொழில்நுட்பத்தை விளக்கும் தளத்தைத்தான். இலவசம், படிக்கக் கணக்கும் தொடங்க வேண்டாம்.

வலைப்பக்கம், வலைத்தளம், சர்வர் (தளங்களை வைத்திருந்து நமக்கு அனுப்பும் கணினி), தேடுபொறி நான்கையும் பிரித்துக் காட்டும் கட்டுரை ஒன்று அதில் உண்டு. முதலில் அதைப் படியுங்கள். குரோம், ஃபயர்பாக்ஸ் எல்லாம் உங்கள் போனிலோ கணினியிலோ இருக்கும் மென்பொருள், கூகுள் தேடல் அதற்குள் திறக்கும் ஒரு வலைத்தளம். பிரவுசரைத் திறந்ததுமே தேடல் பெட்டி வந்து நிற்பதால்தான் இரண்டும் ஒன்று போலத் தோன்றுகிறது.

அப்புறம் அதே தளத்தின் சொல் அகராதிக்கு வாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பெரும்பாலும் சில பத்திகள்தான், கூடவே தொடர்புள்ள சொற்களுக்கு இணைப்பும் இருக்கும். ஆனால் வரிசையாகப் படிக்க ஆரம்பித்தால் ஆங்கில 'ஏ' எழுத்திலேயே ஏபிஐ, அஜாக்ஸ் என்று நிரல் எழுதுகிறவர்களுக்கான சொற்கள் வந்து விழும், புதிதாக வருகிறவர் அங்கேயே மூடிவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பதில் உங்கள் பிரவுசரின் முகவரிப் பட்டையையே பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் முழு முகவரிதான் யுஆர்எல். தொடக்கத்தில் வரும் எச்டிடிபிஎஸ், உங்களுக்கும் சர்வருக்கும் நடுவே போகும் தகவல் இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்படுகிறது என்று சொல்கிறது. அவ்வளவுதான் சொல்கிறது, அந்தத் தளம் நேர்மையானது என்று அல்ல! மோசடித் தளங்களுக்கும் எச்டிடிபிஎஸ் கிடைக்கும், இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அடுத்து வருவது டொமைன் பெயர், அதாவது தளத்தின் பெயர், அதை எண்களாலான ஐபி முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். இந்த ஐந்து சொற்களையும் அகராதியில் தேடிப் படித்தால் மற்றவை தானாகப் பிடிபடும்.

குக்கி, கேஷ் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். குக்கி என்பது தளம் உங்களை நினைவில் வைக்க பிரவுசரில் சேமிக்கும் சிறு தகவல், கேஷ் என்பது பக்கம் மறுபடி வேகமாகத் திறக்க பிரவுசர் எடுத்து வைக்கும் நகல். எதற்கெடுத்தாலும் இரண்டையும் அழிக்கச் சொல்கிறார்கள். கேஷை அழித்தால் பக்கம் முதல் தடவை கொஞ்சம் மெதுவாக வரும், குக்கியை அழித்தால் உள்நுழைந்திருந்த தளங்களிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள்.

பெரிய குறை, தமிழில் இல்லை. பிரவுசரின் மொழிபெயர்ப்பை வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் தொழில்நுட்பச் சொற்களை அது சில இடங்களில் கண்டபடி மாற்றிவிடும், பக்கத்திலேயே மூலத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.