26 அங்குல பேரல் என்று சொல்லி என் தலையில் கட்டியது 23 அங்குலம்

பழைய ரைபிள் வாங்கப் போகிறவர்கள் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்தது மூன்றே மூன்று அங்குலம். அதைக் கண்டுபிடிக்க நான்கு மாதமும் பெட்டி பெட்டியாகத் தோட்டாவும் போனது.

தூரத்து வேட்டைக்கென்று 300 வின்செஸ்டர் மேக்னம் (வெடிமருந்து அதிகம் கொள்ளும் பெரிய தோட்டா வகை) ரைபிள் ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். பேரல் 26 அங்குலம் இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் வேறு. விற்றவருக்கு அது போதுமானதாக இருந்தது. "நீளப் பேரல் சார், குறி தப்பவே தப்பாது" என்றார். டேப்பை வைத்து அளந்தும் காட்டினார். ஒரு முனையை, உதைப்பைக் குறைக்க நுனியில் திருகியிருந்த மசில் பிரேக் என்ற குழாய்த் துண்டின் விளிம்பில் வைத்தார், மறுமுனையை, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து மூடும் போல்ட்டுக்குப் பக்கத்தில் உத்தேசமாக ஓர் இடத்தில் வைத்தார். 26 காட்டியது. நானும் தலையாட்டினேன்.

முதல் நாளே 100 கெஜத்தில் ஐந்து குண்டு இரண்டரை அங்குலத்துக்குச் சிதறியது. புது ரைபிள், கை பழகவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். 600 கெஜத்துக்குப் போனதும் சமாதானம் எடுபடவில்லை. சிதறல் ஒரு பக்கம் இருக்க, மொத்தக் கூட்டமும் கணக்குக்கு நாலைந்து அங்குலம் கீழேயே விழுந்தது. ஸ்கோப் மவுண்ட்டைக் கழற்றி மாட்டினேன், திருகுகளை முறுக்கினேன், மூச்சு விடுகிற விதத்தைக்கூட மாற்றினேன். துப்பாக்கியைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை.

கடைசியில் ஒரு நண்பரின் குரோனோகிராஃப், குண்டின் வேகத்தை அளக்கும் கருவி, குட்டை உடைத்தது. 180 கிரெய்ன் எடையுள்ள குண்டுக்குத் தோட்டாப் பெட்டியில் விநாடிக்கு 2,960 அடி என்று அச்சிட்டிருந்தது. அந்த எண் பெரும்பாலும் 24 அங்குல சோதனைப் பேரலில் எடுப்பது. 26 அங்குலத்துக்கு 3,010 என்று நானாகக் கூட்டிப் போட்டுத்தான் கணக்கு வைத்திருந்தேன். கருவி காட்டிய சராசரி 2,910, நூறு அடி குறைவு. பேரல் குட்டையானால் வேகமும் குறையும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்று இரவே அளந்தேன். தோட்டா அறை காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, போல்ட்டை மூடி, பிரேக்கைக் கழற்றி, கிளீனிங் ராடை நுனி வழியாக மெதுவாக உள்ளே விட்டேன். போல்ட் முகத்தில் 'டக்' என்று முட்டியது. நுனிக்கு நேராக ராடில் டேப் துண்டு ஒட்டி, வெளியே எடுத்து அளந்தால் 23. பேரல் நீளம் என்றால் இதுதான், மூடிய போல்ட் முகத்திலிருந்து நுனிவரை. கழற்றி மாட்டுகிற பிரேக் கணக்கில் வராது. அதன் துளை குண்டைவிட அகலம், வாயு பக்கவாட்டில் வெளியேறிவிடும், குண்டைத் தள்ளுகிற வேலையை அது செய்வதில்லை.

அதோடு முடியவில்லை. காது குடையும் பஞ்சுக் குச்சியை நுனியின் உள்விளிம்பில் வைத்து வெளிப்பக்கமாக இழுத்தேன். ஒரே இடத்தில் மூன்று தடவையும் பஞ்சு சிக்கி நூலாக நின்றது. யாரோ பேரலை அறுத்திருக்கிறார்கள், கிரவுனை, அதாவது குண்டு வெளியேறும் நுனி விளிம்பை, சரியாகக் கடையாமல் பிரேக்கை மாட்டி மறைத்திருக்கிறார்கள். குண்டு வெளியேறும் கடைசி நொடியில் ஒரு பக்கம் வாயு முந்திக் கசிந்தால் அது நேராக எப்படிப் போகும்?

விற்றவரிடம் கேட்டேன். "பிரேக்கும் பேரலோட சேர்ந்ததுதானே?" என்றார். அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

கோபம் ஆறியபின் ஒன்று உறைத்தது. நீளத்துக்கென்று நான் கொடுத்த கூடுதல் பணமே அசட்டுத்தனம். நீளம் தருவது வேகம், துல்லியம் அல்ல. பெரும்பாலான ரைபிள்களில் அங்குலத்துக்கு விநாடிக்கு 20 முதல் 30 அடிதான் கூடும் அல்லது குறையும். நிதானமாக எரியும் வெடிமருந்தை நிறைய அடைக்கிற மேக்னத்தில் இது கொஞ்சம் அதிகம், 308 போன்ற சிறிய தோட்டா வகைகளில் குறைவு. அதனால் 308க்கு 20, 22 அங்குலமே தாராளம். மேக்னத்துக்கு 24 போதும், 26 ஆசைக்கு. இந்த மேக்னத்தில் 100 அடி வேகம் என்பது ஏறக்குறைய 50, 60 கெஜ தூரத்துக்குச் சமம். தூரத்து வேட்டைக் குண்டுகள் பலவற்றுக்கும் விலங்கின் உடலில் விரிய விநாடிக்கு 1,800 அடியாவது வேண்டும், அந்த எல்லை அவ்வளவு முன்னால் வந்துவிடும். நஷ்டம்தான், ஆனால் 600 கெஜத்துக்குள் சுடுகிற எனக்கு அது பெரிதில்லை. கெடுத்தது அந்தக் கிரவுன். தவிர, தடிமன் ஒன்றாக இருந்தால் குட்டைப் பேரல்தான் விறைப்பாக நிற்கும், புதருக்குள் கிளையில் மாட்டாது. சத்தத்தைக் குறைக்கும் சப்ரசர் மாட்டுகிறவர்கள் அதற்கே இன்னும் ஆறேழு அங்குலம் சேர்த்துப் பாருங்கள்.

ஆகவே வாங்குமுன் பிரேக்கைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள். ராடும் பஞ்சுக் குச்சியும் உங்கள் கையில் இருக்கட்டும், அவர் டேப் வேண்டாம்.

என் ரைபிளை ஒரு நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். லேத்தில் இன்னும் அரை அங்குலம் வெட்டிப் புதுக் கிரவுன் கடைந்தார். இப்போது பேரல் இருபத்திரண்டரை. 100 கெஜத்தில் ஐந்து குண்டும் முக்கால் அங்குலத்துக்குள் உட்காருகின்றன.