ஜெராக்ஸ் கடைக்கு எக்ஸெல் ஃபைலை அப்படியே அனுப்பாதீர்கள்: 2 பக்கப் பட்டியலுக்கு 126 பக்க பில்

மும்பையில் ஹவுசிங் சொசைட்டி கணக்குப் பார்க்கும் தமிழர்களுக்கு இது. ஏஜிஎம் (ஆண்டுப் பொதுக்கூட்டம்) செப்டம்பர் 30-க்குள் நடக்க வேண்டும், நோட்டீஸ் 14 முழு நாள் முன்னதாகப் போக வேண்டும். அந்த அவசரத்தில்தான் இது நடக்கிறது.

செம்பூரில் 84 ஃபிளாட் உள்ள ஒரு சொசைட்டி. நோட்டீஸோடு வைக்கவேண்டிய பாக்கிப் பட்டியலைப் பொருளாளர் ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஷீட்டில் ஏ முதல் இசட் வரை 26 பத்திகள் (நெடுவரிசைகள்). அச்சில் வேண்டியவை முதல் மூன்றும் (ஃபிளாட் எண், பெயர், சதுர அடி) கடைசி நான்கும் (முன்பாக்கி, இந்த ஆண்டு பில், வரவு, நிலுவை) மட்டும். நடுவில் இருப்பதெல்லாம் மாதவாரிக் கணக்கு. இரண்டு பக்கத்தில் முடியவேண்டிய வேலை. கடைப் பையன் ஃபைலைத் திறந்து பிரிண்ட் கொடுத்தான். வந்தது 126 தாள், பக்கம் 5 ரூபாய் வீதம் 630 ரூபாய் பில். கேட்டதற்கு, "அங்கிள், ஃபைல் ஹி ஐஸி ஹை" (ஃபைலே அப்படித்தான்). வாக்குவாதத்துக்குப் பிறகு, சரி, முதல் இரண்டு பக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் இறங்கிவந்தார். அந்த இரண்டு பக்கத்தில் எல்லாப் பெயரும் இருந்தன. நிலுவைத் தொகை ஒன்றுகூட இல்லை.

கடை செய்தது தப்புதான். கன்ட்ரோல்+பி அழுத்தியதும் முன்னோட்டத்தின் அடியில் மொத்தப் பக்க எண்ணிக்கை தெரியும். 126 என்று பார்த்தவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் ஃபைல் அப்படித்தான் இருந்தது என்பதும் பொய்யில்லை.

126 எப்படி வந்தது? பட்டியல் 88-வது வரிசையில் முடிகிறது. ஆனால் யாரோ அழகுக்காக 2000-வது வரிசை வரை கட்டம் போட்டிருந்தார்கள். எழுத்தே இல்லாவிட்டாலும் கோடு போட்ட செல்லை எக்ஸெல் அச்சடிக்கும். ஏ4 தாளில் நெடுவாக்கில் ஏறக்குறைய 48 வரிசை நிற்கும், ஆகவே நீளத்துக்கு 42 பக்கம். 26 பத்திகள் ஒரு தாளின் அகலத்தில் அடங்காமல் மூன்று துண்டாயின. 42 x 3 = 126. எக்ஸெல் வழக்கமாக மேலிருந்து கீழாக ஒரு துண்டை முழுக்க முடித்துவிட்டுத்தான் அடுத்த துண்டுக்குப் போகும். அதனால் நிலுவை இருந்த பக்கங்கள் 85-உம் 86-உம். "1 முதல் 2 வரை போடு" என்று கடையில் சொல்லி எந்தப் பயனும் இல்லாதது இதனால்தான். பேஜ் செட்டப்பில் ஷீட் டேபில் இந்த ஓட்டத்தை மாற்றலாம், ஆனால் அது இந்த நோய்க்கு மருந்தில்லை.

உங்கள் ஃபைலில் இந்த வியாதி இருக்கிறதா என்று பார்க்க கன்ட்ரோல்+எண்ட் அழுத்துங்கள். பட்டியலின் கடைசி செல்லில் நிற்காமல் எங்கோ பாதாளத்துக்குப் போனால், கீழே உள்ள வெற்று வரிசைகளை இடப்பக்க எண்களைப் பிடித்துத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து டெலீட் கொடுங்கள். கீபோர்டின் டெலீட் விசை போதாது. அது எழுத்தை அழிக்கும், கோட்டைத் தொடாது. பிறகு சேவ் செய்துவிட்டு மறுபடி கன்ட்ரோல்+எண்ட்.

இனி வேண்டிய பகுதியை மட்டும் எடுப்பது. பலர் செய்வது, கன்ட்ரோலைப் பிடித்தபடி ஏ-சி பத்திகளையும் டபிள்யூ-இசட் பத்திகளையும் தேர்ந்தெடுத்து, பேஜ் லேஅவுட்டில் பிரிண்ட் ஏரியா, செட் பிரிண்ட் ஏரியா. எக்ஸெல் மறுக்காது. ஆனால் ஒட்டாத இரண்டு பகுதிகளை ஒரே தாளில் சேர்க்கவும் சேர்க்காது, ஒவ்வொன்றையும் தனித் தாளில் போடும். பெயர் ஒரு தாளில், நிலுவை வேறு தாளில். இங்கே செய்யவேண்டியது, நடுவில் உள்ள டி முதல் வி வரையிலான பத்திகளைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக்கில் ஹைட் கொடுப்பது. மறைத்தவை அச்சில் வராது, மிச்ச ஏழும் அடுத்தடுத்து நிற்கும். அதன்பின் ஏ1 முதல் இசட்88 வரை ஒரே இழுப்பாகத் தேர்ந்தெடுத்து செட் பிரிண்ட் ஏரியா கொடுங்கள்.

பக்கத்திலேயே ஸ்கேல் டு ஃபிட் என்ற பகுதியில் அகலத்துக்கு 1 பேஜ், உயரத்துக்கு ஆட்டோமேட்டிக். உயரத்தையும் 1 ஆக்கினால் 88 வரிசையும் ஒரே தாளில் நசுங்கும், மூத்த உறுப்பினர்கள் பூதக்கண்ணாடி தேடுவார்கள். அதே பேஜ் லேஅவுட்டில் பிரிண்ட் டைட்டில்ஸ் திறந்து, மேலே திரும்ப வரவேண்டிய வரிசைகளாக $1:$3 கொடுத்தால் இரண்டாம் பக்கத்திலும் தலைப்பு வரும். கன்ட்ரோல்+பி திரைக்குள்ளிருந்து பேஜ் செட்டப்பைத் திறந்தால் இந்தப் பெட்டி மங்கிப்போய் எழுத விடாது. எக்ஸெல் கெட்டுவிட்டது என்று நினைக்கவேண்டாம், பேஜ் லேஅவுட் வழியாக வாருங்கள்.

ஒரே ஒரு முறைக்கு மட்டும் என்றால் பிரிண்ட் ஏரியா வைக்காமல், பகுதியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+பி, பிரிண்ட் ஆக்டிவ் ஷீட்ஸ் என்பதை பிரிண்ட் செலக்ஷன் ஆக்கினால் போதும். அது ஃபைலில் தங்காது. பிரிண்ட் ஏரியா ஃபைலோடு சேவ் ஆகும், அதுதான் அதன் நன்மையும் தொல்லையும். அடுத்த ஆண்டு 88-வது வரிசைக்குக் கீழே இரண்டு புதிய உறுப்பினர்களைச் சேர்த்தால் அவர்கள் அச்சில் வரமாட்டார்கள், எந்த எச்சரிக்கையும் வராது. கடைசி வரிசைக்கு மேலே இன்செர்ட் செய்து சேர்த்தால் எல்லை தானாக விரியும். அதே கன்ட்ரோல்+பி பட்டியலின் அடியில் இக்னோர் பிரிண்ட் ஏரியா என்று ஒன்று உண்டு. அதில் டிக் இருந்தால் நீங்கள் வைத்த எல்லை செல்லாது.

பாக்கிக்காரர்களை மட்டும் ஃபில்டர் செய்து அச்சடிப்பவர்கள் அடியில் உள்ள மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். சாதாரண சம் ஃபார்முலா மறைந்த வரிசைகளையும் சேர்த்துக் கூட்டும். தாளில் 11 பேர், மொத்தம் 84 பேருக்கு. கூட்டத்தில் யாராவது கால்குலேட்டரை எடுத்தால் அசிங்கம். சப்டோட்டல் ஃபார்முலாவில் 109 என்ற எண்ணைக் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியும் வரிசைகளை மட்டும் கூட்டும்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் இது. பிரிண்ட் ஏரியாவும் ஹைடும் தாளில் வருவதைத்தான் கட்டுப்படுத்தும், ஃபைலில் இருப்பதை அல்ல. செம்பூர் ஃபைலில் இரண்டாவது ஷீட்டில் எல்லா உறுப்பினர்களின் மொபைல் எண்ணும் பான் எண்ணும் இருந்தன. மறைத்த ஷீட்டை ரைட் கிளிக்கில் அன்ஹைட் கொடுத்து யாரும் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஃபைல் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸில் மாதக்கணக்கில் கிடக்கும். கூகுள் ஷீட் லிங்க்கை அனுப்புவது இன்னும் மோசம், பார்க்க மட்டும் அனுமதி என்றாலும் மறைக்காத எல்லா டேபும் திறந்திருக்கும்.

ஆகவே கடைக்குப் போகவேண்டியது பிடிஎஃப் மட்டும். எக்ஸெல்லில் சேவ் அஸ், வகை பிடிஎஃப், ஆப்ஷன்ஸைத் திறந்து ஆக்டிவ் ஷீட்ஸ் என்று இருப்பதையும் இக்னோர் பிரிண்ட் ஏரியாஸில் டிக் இல்லாததையும் பார்த்துவிட்டு சேவ். கூகுள் ஷீட்டில் கன்ட்ரோல்+பி, செலக்டட் செல்ஸ், ஃபிட் டு விட்த், ஹெடர்ஸில் ரிபீட் ஃப்ரோஸன் ரோஸ், தாள் ஏ4. அங்கே பிரிண்ட் ஏரியா என்று நிலையாக வைக்க வசதியில்லை, ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிடிஎஃப்பில் வேறு தொல்லைகளும் தீரும். எக்ஸெல் பக்கத்தை எங்கே வெட்டுவது என்பதை அந்தக் கம்ப்யூட்டரின் பிரிண்டரையும் பார்த்துத்தான் முடிவுசெய்யும். வீட்டில் 2 பக்கம், கடையில் 3. தாள் லெட்டர் என்று இருந்தால் நீளம் 279 மில்லிமீட்டர்தான், ஏ4-ஐவிட 18 குறைவு, கடைசி வரிசைகள் அடுத்த பக்கத்துக்கு ஓடும். பாமினி போன்ற பழைய ஃபான்டில் தமிழ்ப் பெயர்களை அடித்திருந்தால் அந்த ஃபான்ட் இல்லாத கடையில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். பிடிஎஃப் ஃபான்டைத் தன்னோடு எடுத்துச் செல்லும்.

கவுண்டரில் தாள் வெளியே வருவதற்கு முன் ஒரே கேள்வி: "கித்னே பேஜ் திகா ரஹா ஹை?" (எத்தனை பக்கம் காட்டுகிறது?) பதில் 2 இல்லையென்றால் பிரிண்ட் பட்டனைத் தொட விடாதீர்கள். 2 என்றால் ஒரு செட் மட்டும் எடுத்து, நிலுவைப் பத்தி தெரிகிறதா, கடைசி ஃபிளாட் வந்திருக்கிறதா என்று பார்த்தபிறகு மிச்சம் 83 செட்டுக்குச் சொல்லுங்கள்.