மாலிகோட் ஜி-4500: மாவு மிக்சர் பேரிங்குக்கு நம்பி வாங்கலாம்

வெள்ளை கிரீஸ், சின்தெடிக் எண்ணெய், அலுமினியம் காம்ப்ளெக்ஸ் (எண்ணெயைக் கெட்டியாக்கும் பொருள்) வகை; உணவு ஆலை மசகுகளைப் பதிவு செய்யும் அமெரிக்க அமைப்பான என்எஸ்எஃப்பின் எச்1 பதிவு உண்டு. மாவு மிக்சர், கன்வேயர் பேரிங்குகளுக்குப் பொருத்தமானது.

கோளாறு பெரும்பாலும் கிரீஸ் மாற்றும்போதுதான் வருகிறது. பழைய லித்தியம் கிரீஸ் உள்ளே இருக்கும்போதே இதை ஏற்றினால் இரண்டும் சேர்ந்து இளகும். சீல் வழியாகக் கசிந்து மாவில் சொட்டும். பேரிங்கைக் கழற்றிச் சுத்தமாகத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு நிரப்புங்கள். வேகமாகச் சுழலும் பேரிங்கில் காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும், திணித்தால் சூடேறும். கிரீஸ் கன்னும் இதற்கென்று தனியாக இருக்கட்டும்.

எச்1 என்பது உணவில் தவறுதலாகப் படுவதற்கு மட்டுமே அனுமதி. அமெரிக்க விதி பொதுவாக வைக்கும் வரம்பு உணவில் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு). ஆகவே மாவு படும் பிளேடில் தயவுசெய்து தடவாதீர்கள். 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஓடும் பேக்கரி அடுப்பு (ஓவன்) செயினுக்கும் இது வேண்டாம்.