இரண்டு குதிரை ஏற்றலாம் என்று சொல்லி விற்ற ஹார்ஸ்பாக்ஸ்: பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

இங்கிலாந்தில் பிள்ளைகளைக் குதிரையேற்றத்துக்கு அனுப்பி, அது சொந்தமாக ஒரு குதிரை வாங்கும் வரைக்கும் போய், இப்போது 3.5 டன் ஹார்ஸ்பாக்ஸ் (குதிரைகளை உள்ளே ஏற்றிச் செல்லும் வேன்) ஒன்றைப் பழையதாக வாங்கலாமா, தேவைப்படும்போது வாடகைக்கு எடுத்தால் போதுமா என்று யோசிக்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். பணம் கொடுப்பதற்கு முன்னால் வண்டியை உங்கள் கண்ணெதிரே எடை போடுங்கள். விற்பவர் காட்டும் எடைச் சீட்டை நம்பாதீர்கள். எங்களை ஏமாற்றியது அந்தச் சீட்டுதான்.

மகளிடம் ஒரு போனி (சின்ன வகைக் குதிரை), அவள் தோழியிடம் ஒன்று, இரண்டும் ஒரே லாயத்தில். போட்டிகளுக்கு வாடகை வண்டியில்தான் போய்வந்தோம். வார இறுதியில் ஒரு நாளைக்கு 120 பவுண்டு, டீசல் தனி, கார்டில் முன்பணம் பிடித்து வைப்பார்கள், திருப்பித் தரும்போது சாணியெல்லாம் அள்ளிக் கழுவித் தர வேண்டும். அதெல்லாம் பரவாயில்லை. கோடைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியே கிடைக்காது, அதுதான் தொல்லை. சரி, இரண்டு குடும்பமும் பணம் போட்டு ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்து, 2013 ரெனோ மாஸ்டர் வேனில் செய்த ஹார்ஸ்பாக்ஸ் ஒன்றை 16,000 பவுண்டுக்கு வாங்கினோம்.

இந்த வண்டிகளில் எடைதான் எல்லாமே. சாதாரண கார் லைசென்சில் 3,500 கிலோ வரைக்கும்தான் ஓட்டலாம், அது வண்டி, டீசல், ஆட்கள், குதிரை, சேணம், தண்ணீர், வைக்கோல் எல்லாம் சேர்த்து. விளம்பரத்தில் வெறும் வண்டி 2,300 கிலோ, 1,200 கிலோ ஏற்றலாம் என்று போட்டிருந்தது. எங்கள் இரண்டு போனியும் சேர்ந்து 870, சாமான்கள் 80, முன்னால் இரண்டு பேர் 140, ஆக 1,090. தாராளமாகப் போதும். எடைச் சீட்டு கேட்டோம், அந்த ஆள் உடனே போட்டோ அனுப்பினார், 2,300 என்று தெளிவாக இருந்தது, வண்டி எண் இருக்க வேண்டிய ஓரம் மட்டும் போட்டோவில் விழவில்லை. அது இந்த வண்டியின் சீட்டே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வாங்கிய கையோடு சர்வீசுக்கு விட்டபோது, குதிரை ஏற்றாமலே பின்பக்கம் இவ்வளவு தாழ்ந்திருக்கிறதே என்று மெக்கானிக்தான் முதலில் கேட்டார். எடைமேடைக்குக் கொண்டுபோனோம். 2,720 கிலோ. மிச்சம் 780தான். முந்தைய உரிமையாளர் யாரோ உள்ளே இரும்புச் சட்டத்தில் உட்காரும் அறை, அலமாரி, தண்ணீர்த் தொட்டி, வெளியே விரிக்கிற கூரை எல்லாம் சேர்த்திருக்கிறார். இரண்டு போனியை ஏற்றினால் 3,810, அதாவது 310 கிலோ அதிகம். சாலையில் நிறுத்திச் சோதித்தால் 100 முதல் 300 பவுண்டு வரை அபராதம், ரொம்ப அதிகமாக இருந்தால் கோர்ட். விபத்து நடந்துவிட்டால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். பிரேக்கும் டயரும் அந்தப் பாரத்துக்குச் செய்தவை இல்லை, உள்ளே நிற்பது உயிருள்ள பிராணி.

எனக்கு இன்றும் ஆறாதது தளம். அலுமினியத் தளம் என்று விற்றவர் வாயால் சொன்னார், எழுத்திலும் தந்தார். ரப்பர் விரிப்பைத் தூக்கிக் காட்டச் சொன்னதற்கு, தண்ணீர் போகாமல் இருக்க ஒட்டியிருக்கிறது, பிய்த்தால் கெட்டுவிடும் என்றார். மெக்கானிக் பிய்த்துப் பார்த்தால் அடியில் ப்ளைவுட், பின்கதவு ஓரம் குதிரை மூத்திரம் ஊறி ஊறி மெத்தென்று ஆகி, மேலே ஒரு துண்டுப் பலகையை வைத்து ஆணி அடித்திருந்தது. ஓடுகிற வண்டியில் தளம் உடைந்து கால் கீழே போனால் அந்தக் குதிரை என்ன ஆகும் என்பதைக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று ஆசையாக வண்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இதை மறைத்து விற்றிருக்கிறார்.

விற்றவருக்குப் போன் செய்தால், வண்டியின் அதிகபட்ச எடையை 3.5 டன்னுக்கு மேலே பதிவு மாற்றிக்கொள்ளுங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். மாற்றினால் ஓட்டுவதற்கு சி1 என்கிற, 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கான லைசென்ஸ் வேண்டும். 1997 ஜனவரிக்கு முன்னால் இங்கே கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்கு அது தானாகவே உண்டு. நம்மைப் போல அப்புறம் வந்தவர்கள் மருத்துவப் பரிசோதனை, தனி டெஸ்ட் என்று போக வேண்டும். அந்த யோசனை எங்களுக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

தனிநபர் விற்பனை, பார்த்தது பார்த்தபடி என்று ரசீதில் எழுதியிருந்தார். லாக்புக்கில் (வண்டியின் பதிவுச் சான்றில்) வேறு பெயர் இருந்தது, மைத்துனருடையது என்றார். ஆனால் அதே போன் எண்ணில் இன்னும் சில ஹார்ஸ்பாக்ஸ் விளம்பரங்கள் ஓடுகின்றன. அவர் வியாபாரிதான். வியாபாரியாக இருந்தால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பித் தந்து முழுப் பணமும் கேட்கலாம், 'பார்த்தது பார்த்தபடி' என்ற வரி அங்கே செல்லாது. தனிநபராகவே இருந்தாலும் பொய் சொல்லி விற்றதற்கு வழக்குப் போடலாம். கெடு முடிவதற்குள் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பு வழியாக, வியாபார மோசடிகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கும் புகார் போயிருக்கிறது. வழக்கென்று வந்தால் 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட தொகை சிறு வழக்குப் பிரிவில் வராது, செலவு கூடும். அதனால் வக்கீலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாங்கும்போது யாரும் முழுதாகச் சொல்வதில்லை. வருடத்துக்கு எங்களுக்கு வந்த தொகைகள், பவுண்டில்: காப்பீடு 620, சாலை வரி 345, எம்ஓடி என்ற வருடாந்திர வண்டிப் பரிசோதனை அதிகபட்சம் 58.60, வழியில் நின்றால் குதிரையையும் சேர்த்து மீட்கும் பிரேக்டவுன் சேவை 150 (சாதாரணக் கார் சேவை குதிரையைத் தொடாது), லாயத்தில் நிறுத்த மாதம் 30, சர்வீஸ், டயர் என்று வருடத்துக்கு 600 ஒதுக்க வேண்டும். 2,100 தாண்டிவிட்டது, டீசலும் வண்டியின் மதிப்புக் குறைவதும் இதில் சேரவில்லை. எங்கள் வண்டி யூரோ 5 என்ற பழைய புகைத் தர டீசல் என்பதால், லண்டன் எல்லைக்குள் நுழையும் ஒவ்வொரு நாளும் மாசுக் கட்டணம் 12.50 வேறு. அந்த 2,100 பவுண்டில் 17, 18 நாள் வாடகைக்கு எடுக்கலாம். மாதம் இரண்டு முறைக்கும் குறைவாகப் போகிறவர்களுக்கு வாடகைதான் சரி என்பது என் கருத்து.

அப்படியும் வாங்குவதென்றால், எடைமேடைக்கு வர மறுக்கிறவரிடமும் விரிப்பைத் தூக்க விடாதவரிடமும் வாங்காதீர்கள். பக்கத்து எடைமேடை எங்கே என்று அரசின் இணையதளத்திலேயே தேடலாம். நாங்கள் அனுப்பிய கடிதத்தின் மாதிரி யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், பெயர் விவரங்களை நீக்கிவிட்டு அனுப்புகிறேன்.