18,500 ரூபாய்க்கு இரண்டு காந்தங்கள்: போர்வெல் தண்ணீர் வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு

இன்று காலை மெக்கானிக் எங்கள் கீசரின் காயிலை வெளியே இழுத்துப் போட்டார். சுற்றிலும் விரல் தடிமனுக்கு வெள்ளைப் பாறை. ஸ்பேனரால் தட்டியதும் ஓடு ஓடாகக் கழன்று விழுந்தது. உள்ளே காயில் வெடித்திருந்தது. "தண்ணீருக்கு ஒன்றும் செய்யவில்லையா சார்?" என்று கேட்டார். செய்தேன். 18,500 ரூபாய்க்குச் செய்தேன்.

நாங்கள் இருப்பது சென்னையில் மேடவாக்கம் பக்கம். குடிக்கக் கேன் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர். சோப்பு நுரைக்காது, குழாய் வாயெல்லாம் வெள்ளை பூத்திருக்கும், மறந்துபோய் அந்தத் தண்ணீரில் பருப்பைப் போட்டால் அது வேகவே வேகாது. போன வருடமே ஒரு கீசரும் வாஷிங் மெஷினின் ஹீட்டரும் போயின. புதிய கீசரையாவது காப்பாற்றலாம் என்றுதான், பொங்கல் முடிந்த வாரம், வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஒரு செயலியில் 'இலவசத் தண்ணீர்ப் பரிசோதனை' என்று இருந்ததை அழுத்தினேன்.

வந்தவர் செருப்பை வாசலிலேயே கழற்றினார். அம்மாவை "அம்மா" என்றே கூப்பிட்டார். காபி வேண்டாம் என்றார். தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்புகளைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கினார், 1,450 காட்டியது. அடுத்து இரண்டு டம்ளர்கள். ஒன்றில் எங்கள் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். கம்பிகள் நீட்டிய ஒரு கருவியை அவற்றில் வைத்து சுவிட்சைப் போட்டார். எங்கள் டம்ளர் சாக்கடை நிறத்துக்குப் போய்விட்டது. "இதில்தான் அம்மா உங்கள் பேரக்குழந்தைகள் குளிக்கிறார்கள்." அம்மா வாயில் கை வைத்தார். நான் அப்போதே பாதி விழுந்துவிட்டேன்.

மீதி விழுந்தது அடுத்த வார்த்தையில். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாதாரண சாஃப்ட்னர் என்றால் மாதாமாதம் உப்பு மூட்டை வாங்கிப் போட வேண்டும்; தான் விற்கும் காந்தத்துக்கு உப்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம், குழாயைப் பிடித்தாற்போல் மாட்டினால் போதும் என்றார். முன்பணமும் கேட்கவில்லை. "பொருத்தி முடித்த பிறகு கொடுங்கள் சார்." இப்படிச் சொல்பவர் ஏமாற்ற மாட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு 18,500 ரூபாய். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் கறுப்பு உறை போட்ட இரண்டு காந்தங்களை மாட்டிவிட்டுப் போனார். இருபது நிமிட வேலை.

மூன்றாம் வாரமும் குழாய் வாயில் அதே வெள்ளை. போன் செய்தேன். "குழாயில் இருக்கும் பழைய உப்பு கரைந்து வருகிறது சார், 90 நாள் பொறுங்கள்." பொறுத்தேன். 90 நாள் கழித்து அழைத்தால், டிடிஎஸ் பார்த்தீர்களா என்று கேட்டார். அதே 1,450 என்றேன். "டிடிஎஸ்ஸில் தெரியாது சார், இது உப்பின் அமைப்பை மாற்றும்." விற்கும்போது மீட்டரை நீட்டிப் பயமுறுத்தியவர் இவர்தான்! செயலிக்காரர்களிடம் போனால், புகார் தருவதற்கான 30 நாள் முடிந்துவிட்டது, விற்பனையாளரிடம் பேசுங்கள் என்று ஒரே பதிலை நான்கு முறை அனுப்பினார்கள். 90 நாள் பொறுக்கச் சொன்னதன் சூட்சுமம் அப்போதுதான் உறைத்தது. இப்போது விற்றவரின் எண் அணைந்து கிடக்கிறது.

டம்ளர் வித்தையை அக்கா மகள் உடைத்துக் காட்டினாள். வேதியியல் படிக்கிறாள். கேன் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு, இரண்டு இரும்பு ஆணிகளை ஒரு 9 வோல்ட் பேட்டரியில் இணைத்து முக்கினாள். சற்று நேரத்தில் அதே சாக்கடை. உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடும், இரும்பு கரைந்து துருவாக வரும். ஆர்ஓ தண்ணீரில் அவ்வளவாக ஓடாது, அதனால் தெளிவாகவே இருக்கும். அழுக்கு தண்ணீரில் இல்லை, அவர் கம்பியில் இருந்தது. ஐந்து ரூபாய் ஆணியில் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதை 18,500 கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகவே சொல்கிறேன். டிடிஎஸ் வேறு, கடினத்தன்மை வேறு. கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்பதை அந்த மீட்டர் சொல்லாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டினால் பரிசோதித்துத் தருகிறார்கள், முதலில் அங்கே போங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. எங்கள் தண்ணீர், காந்தம் மாட்டிய பிறகும், 620. ரெசின் நிரப்பிய சாஃப்ட்னர் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும், தீர்ந்த சோடியத்தை நிரப்ப அது உப்புக் கேட்டே தீரும். உப்பே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் பிடித்த கால்சியம் எங்கே போகிறது என்று கேளுங்கள். கீசரை 50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள், சூடு ஏற ஏறப் படிவும் ஏறும். புகாரை முதல் மாதமே எழுத்தில் கொடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் நான் இன்றுதான் பதிவு செய்திருக்கிறேன். மெக்கானிக் புதிய காயிலோடு வந்துவிட்டார், பணம் எடுத்துக் கொடுக்க வேண்டும்.