கிராஸ்கிரேடர்: டெபியனை 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாற்றும் கருவி, எவ்வளவு தூரம் நம்பலாம்?

டெபியன் ஒரு லினக்ஸ் இயங்குதளம். 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த டெபியன் 13-இல் ஐ386 எனப்படும் 32 பிட் கட்டமைப்புக்குக் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. 32 பிட் டெபியன் 12 ஓடும் கணினியை அப்படியே 13-க்கு ஏற்ற வேண்டாம் என்று வெளியீட்டுக் குறிப்பே சொல்கிறது. 64 பிட்டாகப் புதிதாக நிறுவலாம், இல்லையென்றால் இயந்திரத்துக்கு ஓய்வு கொடுக்கலாம். அழிக்காமல், நிறுவாமல், இருந்த இடத்திலேயே மாற்றவும் முடியும், ஆனால் ஆபத்தானது என்கிறது அதே குறிப்பு. அந்தக் கடைசி வழிக்கென்றே எழுதப்பட்ட கருவி கிராஸ்கிரேடர். 2020 கூகல் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் உருவாகி, டெபியனின் மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது. பணம் கிடையாது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகம், செந்தூலில் ஒரு கணக்காளர் அலுவலகம், இப்படி எங்கோ ஒரு மூலையில் 2008 வாக்கில் வாங்கிய கணினி இன்னும் வேலை செய்துகொண்டிருந்தால் இந்த மதிப்பீடு உங்களுக்குத்தான். பிராசசர் 64 பிட்டாக இருந்தும், அன்று நிறுவியவர் 32 பிட் டிஸ்க்கைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

முதலில் பிராசசரைப் பாருங்கள். எல்எஸ்சிபியு கட்டளையின் விடையில் ஆப்-மோட் என்ற வரியில் 32 பிட், 64 பிட் இரண்டும் இருக்க வேண்டும். சிபியுஇன்ஃபோ கோப்பின் கொடிகளில் (ஃபிளாக்ஸ்) எல்எம் இருந்தாலும் அதே பொருள்தான். 2006-இல் வந்த கோர் 2 டுவோவிலிருந்து கவலை இல்லை. பெயர் ஒன்றுபோல் இருக்கும் கோர் டுவோ வேறு, அது 32 பிட் மட்டுமே. 2008-இன் ஆட்டம் என்270 நெட்புக்குகளும் அப்படித்தான். அவற்றில் எந்தக் கருவியும் எதையும் மாற்றாது.

மாற்றினால் என்ன கிடைக்கும் என்பதிலும் தெளிவு வேண்டும். பிராசசருக்குள் இருக்கும் பதிவேடுகள் (ரெஜிஸ்டர்கள்) 8-லிருந்து 16 ஆகின்றன. ஒரே நிரலுக்கு 3 ஜிபிக்கு மேல் நினைவகம் கிடைக்கிறது. 2038 ஜனவரி 19, மலேசிய நேரம் காலை 11:14:07-க்கு மேல் எண்ணத் தெரியாத 32 பிட் கடிகாரச் சிக்கலும் தீர்கிறது. மற்ற 32 பிட் கட்டமைப்புகளுக்கு 64 பிட் நேரத்தைக் கொடுத்த டெபியன் 13, பழைய நிரல்கள் உடையக்கூடாது என்பதற்காக ஐ386-ஐ மட்டும் அப்படியே விட்டுவிட்டது. மறுபக்கம், நினைவக முகவரியைக் காட்டும் சுட்டிகள் 4 பைட்டிலிருந்து 8 பைட் ஆவதால் நினைவகச் செலவு கூடும். 1 ஜிபி உள்ள டெஸ்க்டாப்பில் இதைச் செய்யவே வேண்டாம். லோ யாட் பிளாசாவின் கணினிக் கடைகளில் பழைய டிடிஆர்2 குச்சி தேடிப் போகும் முன் சிப்செட் எது என்று பாருங்கள். இன்டெல் 945 என்றால், 4 ஜிபி செருகினாலும் சுமார் 3.2 ஜிபிக்கு மேல் தெரியாது. 64 பிட்டுக்குப் போனாலும் அந்த எல்லை நகராது.

இனி கருவி. இது வேலை செய்யும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் கையால் செய்யும்போது மனிதர்கள் இடறும் இடம் எது என்று இதற்குத் தெரியும். தொகுப்புகளை (மென்பொருள் பேக்கேஜ்களை) நிறுவும் டிபிகேஜி நிரல் எந்தக் கட்டமைப்பில் இருக்கிறதோ, அதுதான் கணினியின் தாய்க் கட்டமைப்பு. கட்டமைப்பு சாராத 'ஆல்' வகைத் தொகுப்புகள் எல்லாம் அந்தத் தாய்க் கட்டமைப்பைச் சேர்ந்தவையாகக் கணக்கிடப்படும். டிபிகேஜியை 64 பிட் கட்டமைப்பான ஏஎம்டி64 ஆக மாற்றிய அந்த நொடியே, நேற்றுவரை ஐ386 பைத்தானை நம்பியிருந்த நூற்றுக்கணக்கான 'ஆல்' தொகுப்புகள் இப்போது ஏஎம்டி64 பைத்தானைக் கேட்கும். எந்தத் தொகுப்புக்கு எது தேவை என்று கணக்குப் பார்க்கும் ஆப்ட் நிரல், பக்கம் பக்கமாக உடைந்த சார்புகளைக் காட்டும். உண்மையில் எதுவும் உடைந்திருக்காது, கணக்குப் புத்தகம்தான் மாறியிருக்கும். அந்தப் பட்டியலைக் கண்டு பயந்து, ஆப்ட் தரும் தீர்வுக்கு 'ஒய்' அழுத்தினால் பாதி டெஸ்க்டாப் போய்விடும். கிராஸ்கிரேடர் இந்தக் கட்டத்தை ஆப்ட்டின் கையில் விடுவதில்லை. தேவையான டெப் கோப்புகளை இறக்கி வைத்துக்கொண்டு, டிபிகேஜியால் நேரடியாக நிறுவி, தோற்றவற்றைத் திரும்பவும் முயல்கிறது. ஆகவே நடுவில் பிழைச் செய்திகள் ஓடும். சுற்று முடியும்வரை கை வைக்காதீர்கள்.

தொடங்கும் முன் முழு டிஸ்க்கையும் க்ளோன்ஸில்லாவால் வெளி டிஸ்க்கில் படியெடுங்கள். வீட்டு அடைவை (ஹோம்) மட்டும் எடுத்து வைத்தால் போதாது. பிறகு டெபியன் 12-ஐ முழுதாகப் புதுப்பியுங்கள். ஒரே நூலகம் இரண்டு கட்டமைப்பிலும் அருகருகே நிற்க வேண்டுமென்றால் இரண்டின் பதிப்பு எண்ணும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். பழைய பேக்போர்ட்ஸ் (புதிய பதிப்புகளைத் தரும் துணைக் களஞ்சியம்), வெளியார் களஞ்சியம் ஆகியவற்றிலிருந்து வந்த ஒரு நூலகம் போதும், மொத்தமும் அங்கே நின்றுவிடும். ரூட் பிரிவில் டெஸ்க்டாப்புக்கு 5 ஜிபியாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய நிறுவல்களில் பூட் பிரிவு 200 எம்பிதான் இருக்கும். அதில் இரண்டு கெர்னல்கள், பூட் ஆகும்போது அவற்றுக்கு உதவும் இரண்டு இனிட்ராம்எஃப்எஸ் கோப்புகள் அடங்குமா என்று பார்த்து, வேண்டாத கெர்னல்களை நீக்குங்கள். கோலாலம்பூரில் மாலை இடிமழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. காலையில் தொடங்குங்கள், யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

அடுத்து, டிபிகேஜியிடம் ஏஎம்டி64 கட்டமைப்பைச் சேர்க்கச் சொல்லி, ஆப்ட் அப்டேட் கொடுத்து, 64 பிட் கெர்னலை மட்டும் நிறுவி மறுதொடக்கம் செய்ய வேண்டும். 64 பிட் கெர்னலில் 32 பிட் நிரல்கள் ஓடும், 32 பிட் கெர்னலில் 64 பிட் நிரல்கள் ஓடா. இந்த வரிசையைத் தவறவிட்டால் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று ஒவ்வொரு கட்டளையும் மறுக்கும். யூநேம் கட்டளையின் விடையில் 'எக்ஸ்86_64' வந்த பிறகுதான் மேலே போகலாம்.

இந்த மறுதொடக்கத்தில் வைஃபை காணாமல் போவது உண்டு. பிராட்காம் சில்லுகளுக்கான டிகேஎம்எஸ் மாட்யூல் (கெர்னலுக்கேற்பக் கணினியிலேயே தொகுக்கப்படும் டிரைவர்) 32 பிட் கெர்னலுக்குத் தொகுக்கப்பட்டது, புதிய கெர்னலுக்கு அது இராது. நெட்வொர்க் கேபிளைச் செருகியபடியே தொடங்குங்கள். என்விடியாவின் சொந்த டிரைவர் போட்டிருந்தால் முன்கூட்டியே நூவோ என்ற திறந்த மூல டிரைவருக்கு மாறிவிடுங்கள். 64 பிட் மாட்யூலும் திரையில் காட்சியை வரையும் 32 பிட் எக்ஸ் சர்வரும் சேர்ந்தால் கறுப்புத் திரைதான் மிஞ்சும்.

பிறகு கிராஸ்கிரேடரை டிரை-ரன் முறையில் ஓட்டுங்கள். எதையும் தொடாமல், எந்தெந்தத் தொகுப்புக்கு 64 பிட் இணை இல்லை என்று சொல்லும். அதில் 686 கெர்னல், விண்டோஸ் நிரல்களை ஓட்டும் ஒயின்32, யாரோ கையால் நிறுவிய டெப் கோப்புகள் வரும். இந்தப் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். இதை முழுதாகப் படித்தவருக்குப் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி வராது.

மாற்றம் மூன்று கட்டமாக நடக்கிறது. முதலாவதில் அடிப்படைத் தொகுப்புகளும் இனிட்ராம்எஃப்எஸ் சார்ந்தவையும் மாறுகின்றன. மறுதொடக்கம் செய்தபின் இரண்டாவதில் மீதியெல்லாம் மாறும், மூன்றாவதில் ஐ386 மிச்சங்கள் நீங்கும். முதல் கட்டம் முடிந்ததும், மறுதொடக்கத்துக்கு முன், ரூட் ஷெல் ஒன்றைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு இன்னொரு டெர்மினலில் உள்நுழைந்து பாருங்கள். லாகின் நிரல் 64 பிட்டாகி, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பேம் மாட்யூல்கள் 32 பிட்டாக நின்றுவிட்டால், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் உள்ளே விடாது. திறந்திருக்கும் ஷெல்லிலிருந்து விடுபட்ட தொகுப்பை நிறுவிவிடலாம். மூடிவிட்டால் மீட்பு யுஎஸ்பிதான் கதி. அந்த யுஎஸ்பியும் 64 பிட்டாக இருக்கட்டும், ஏனெனில் 32 பிட் லைவ் யுஎஸ்பியால் பாதி மாறிய கணினிக்குள் க்ரூட் செய்து நுழைய முடியாது.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க: இரண்டாவது கட்டத்தின் நடுவில் சில செயலிகளில் தமிழ் வராது. தட்டச்சைக் கவனிக்கும் ஐபஸ் நிரலின் உள்ளீட்டு மாட்யூல் ஒவ்வொரு செயலிக்குள்ளும் ஏற்றப்படுவதால், செயலியும் மாட்யூலும் ஒரே கட்டமைப்பில் இருந்தாக வேண்டும். லிப்ரே ஆபிஸ் 32 பிட்டிலும் மாட்யூல் 64 பிட்டிலும் இருக்கும் இடைவேளையில் தமிழ்99 விசைப்பலகை தேர்ந்திருந்தும் ஆங்கில எழுத்துதான் விழும். அமைப்பில் எதையும் மாற்றாதீர்கள், இரண்டும் மாறியதும் தானே சரியாகும். எழுத்துருத் தொகுப்புகள் 'ஆல்' வகை என்பதால் அவற்றுக்கு எதுவும் ஆகாது.

தொகுப்புகளைக் கரை சேர்ப்பதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கருவி எட்டாத இடம் வேறு: தொகுப்புகள் எழுதி வைத்த தரவு. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தள சர்வரின் தரவு அடைவு 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் பொதுவானது அல்ல. தரவை அடுக்கும் எல்லை (அலைன்மென்ட்) 4 பைட்டிலிருந்து 8 பைட் ஆவதால், புதிய சர்வர் பழைய கோப்புகளைத் திறக்க மறுத்துவிடும். கோப்புகள் கெடவில்லை, ஆனால் படிக்க 32 பிட் சர்வர் இனி இருக்காது. மாற்றத்துக்கு முன்பே பிஜி-டம்ப்ஆல் கட்டளையால் எல்லாத் தரவுத்தளங்களையும் எடுத்து வைத்து, பிறகு புதிய கிளஸ்டரில் ஏற்றுங்கள். மரியாடிபியின் இன்னோடிபி கோப்புகளுக்கும் எஸ்கியூலைட் கோப்புகளுக்கும் இந்தத் தொல்லை இல்லை. முனின், எம்ஆர்டிஜி போன்ற கண்காணிப்புக் கருவிகள் எழுதும் ஆர்ஆர்டி கோப்புகளுக்கு உண்டு. பழைய ஆர்ஆர்டிடூல் இருக்கும்போதே எக்ஸ்எம்எல்லாக டம்ப் செய்து, பின்னர் ரீஸ்டோர் செய்ய வேண்டும். பைத்தான் விர்ச்சுவல் சூழல்களில் தொகுக்கப்பட்ட மாட்யூல் இருந்தால் 'ராங் ஈஎல்எஃப் கிளாஸ்' என்று வரும். அவற்றை அழித்துப் புதிதாக உருவாக்குவதுதான் வழி. இந்த எச்சரிக்கைகளைக் கருவியே திரையில் காட்டியிருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வரி வேலை. அது இல்லாததுதான் இதன் பெரிய குறை.

மூன்றாவது கட்டத்தை உடனே ஓட்ட வேண்டிய அவசியம் இல்லை. பிரதரின் பல பிரிண்டர்களுக்கு லினக்ஸ் டிரைவர் 32 பிட் பைனரியாகத்தான் வருகிறது. ஐ386 நூலகங்களை நீக்கினால் பிரிண்ட் வரிசையில் வேலை ஏறும், தாள் வராது. அப்படிப்பட்ட பிரிண்டர் இருந்தால் ஐ386-இன் லிப்சி6 தொகுப்பையும் அதைச் சார்ந்த ஓரிரு நூலகங்களையும் விட்டு வையுங்கள், கட்டமைப்பையும் நீக்க வேண்டாம். அவை இருப்பதால் கணினி வேகம் குறையாது. ஆட்டோரிமூவ் தரும் பட்டியலுக்கும் படிக்காமல் ஒப்புதல் தராதீர்கள்.

யாருக்கு இது ஏற்றது? அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்சி அடைவில் பல வருட அமைப்புகள் குவிந்து, எழுதியவர் போய்விட்டு, திரும்ப அமைக்க ஆள் இல்லாத சர்வருக்கு ஏற்றது. களஞ்சியத் தொகுப்புகள் மட்டும் உள்ள எளிய டெஸ்க்டாப்புக்கும் ஓடும், ஆனால் அங்கே வீட்டு அடைவைத் தனியே எடுத்து வைத்துவிட்டு 64 பிட்டைப் புதிதாக நிறுவுவதே சுலபம். கையால் தொகுத்த மென்பொருளும் வெளியார் களஞ்சியமும் நிறைந்த கணினியில் இதைத் தொடாதீர்கள். நாளைக் காலை வாடிக்கையாளருக்கு வேலை கொடுக்க வேண்டிய கணினியிலும் வேண்டாம்.

முடிந்ததும் டிபிகேஜியிடம் கட்டமைப்பைக் கேளுங்கள், ஏஎம்டி64 என்று சொல்ல வேண்டும். பிறகு நிறுவிய தொகுப்புகளில் ஐ386 என்று முடிபவை எவை என்று பட்டியலிடுங்கள். மேலே சொன்ன பிரிண்டர் நூலகங்களைத் தவிர வேறொன்றும் அதில் இருக்கக்கூடாது. எதுவுமே இல்லையென்றால் ஐ386 கட்டமைப்பை நீக்கலாம். ஒரு தொகுப்பு மிச்சம் இருந்தாலும் டிபிகேஜி நீக்க மறுக்கும், அப்போது வற்புறுத்தாமல் அந்தத் தொகுப்பைத் தேடுங்கள். டெபியன் 13-க்கு ஏறுவது இவ்வளவுக்கும் பிறகுதான், அதுவும் ஒரு வாரம் 12-இலேயே 64 பிட்டாக ஓடவிட்டு, பிரிண்டர், பேக்கப், தமிழ் உள்ளீடு எல்லாம் ஒழுங்காக வேலை செய்வதைப் பார்த்த பிறகு.