மண்புழுத் தொட்டியா, மண்பானையா, தென்னை மூட்டுக் குழியா?

குமரி மாவட்டத்து அடுக்களைக் கழிவைக் கிளறிப் பாருங்கள். வாழைப்பழத்தோல், மரச்சீனித் தொலி (மரவள்ளிக்கிழங்குத் தோல்), வடிகட்டிய டீத்தூள், முருங்கைக் காம்பு, கூடவே மீன் செதிலும் குடலும். மீன் வாங்காத வீடுகளை மனதில் வைத்துச் சொல்லும் யோசனைகள் நமக்கு அப்படியே ஒத்துவராது. இந்தக் கழிவை உரமாக்கும் மூன்று முறைகளையும் வீட்டில் செய்து பார்த்த பிறகுதான் எனக்கு இது பிடிபட்டது.

செடிகளுக்கு எது நல்லது என்று மட்டும் கேட்டால், மண்புழு உரம்தான். நன்றாகப் பராமரித்தால் 45 முதல் 60 நாட்களில் கழிவு கறுத்து, டீத்தூள் போல உதிரியாகிவிடும். கையில் அள்ளினால் புதுமழை மண்ணின் வாசம்தான் வரும், அழுகிய வாடை இருக்காது. தொட்டிச் செடிகளுக்கு ஒரு கைப்பிடி போதும்.

ஆனால் புழு உயிருள்ளது, சொகுசும் கேட்கும். உப்பு, எண்ணெய், எலுமிச்சைத் தோல், மீன் எல்லாம் அதற்கு ஆகாது. மிச்சமான குழம்பைக் கொட்டவே கூடாது. மரச்சீனித் தொலியில் சயனைடு தரும் பொருள் இருப்பதால், அதைப் பச்சையாகப் போடாமல் வெயிலில் நன்றாக உலர்த்தியே போடுகிறேன். அடியில் விரிக்கக் கதம்பை, அதாவது தேங்காய் உரிமட்டை, அருமையானது. உப்புத் தண்ணீரில் ஊறிய கதம்பை என்றால் பலமுறை அலசிவிட்டுப் போட வேண்டும்.

அப்புறம் மழை. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. முதல் வருடம் ஜூனில் ஓட்டுக் கூரை விளிம்பான இறவாணத்துத் தண்ணீர் தொட்டிக்குள் தெறித்து விழுந்தது. அடியில் இருந்த வடிகால் துளையைத் தென்னைநார்த் துகள் அடைத்திருந்தது. காலையில் மூடியைத் திறந்தால், தப்பிய புழுக்கள் மூடியின் உட்புறம் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. மற்றவை அடித் தண்ணீரில் வெளுத்துக் கிடந்தன. அன்று பட்ட வேதனை இன்னும் மறக்கவில்லை. இப்போது தொட்டி திண்ணையில் நான்கு செங்கல் மேல் நிற்கிறது. செங்கல்கள் தண்ணீர் ஊற்றிய தட்டுகளில் இருப்பதால் எறும்பும் ஏறாது. கொசு வராமல் தண்ணீரை அடிக்கடி மாற்றிவிடுவேன்.

புழுவிலும் வகை பார்க்க வேண்டும். யூட்ரிலஸ் யூஜினியே என்ற ஆப்பிரிக்கப் புழு பெரிது, வேகமாகத் தின்னும், நம் வெக்கையையும் தாங்கும். பெரியோனிக்ஸ் நம் நாட்டுப் புழு, ஈரத்துக்குப் பழகியது. ஆனால் பெருமழை வந்தால் கூட்டமாக வெளியேறிவிடும். ஐசினியா ஃபெட்டிடா இதமான சூட்டில்தான் செழிக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் யூட்ரிலஸையே சொல்வேன்.

மண்பானை இவ்வளவு கவனம் கேட்காது. துளையிட்ட மூன்று பானைகளை அடுக்கி, ஒவ்வொரு முறை கழிவு போடும்போதும் மேலே சருகோ தென்னைநார்த் துகளோ தூவினால் போதும். இரண்டு மூன்று மாதத்தில் மட்கும். மொட்டைமாடியோ சிறிய பால்கனியோ மட்டும் உள்ளவர்களுக்கு இதுவே சரி. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் எதுவும் சாகாது. உரம் மண்புழு உரம் அளவுக்கு மென்மையாக இருக்காது, சலிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காய்ந்த சருகு கிடைக்காது. முன்னாலேயே ஒரு சாக்கு சேர்த்து வைக்காவிட்டால் பானைக்குள் சளசளவென்று ஆகி நாறும்.

மீனுக்குக் குழிதான். தென்னை மூட்டிலிருந்து (அடிமரத்திலிருந்து) நாலடி தள்ளி, இரண்டடி ஆழம் தோண்டி, மீன் கழிவைப் போட்டு, ஒரு அடி மண்ணாவது மூட வேண்டும். மேலே தென்னை மட்டையும் ஒரு கல்லும் வைக்காவிட்டால் நாய் இரவோடிரவாகத் தோண்டிவிடும். இந்த உரத்தை நாம் அள்ள முடியாது, தென்னையே எடுத்துக்கொள்ளும். குளக்கரை, வயலோரம் போலத் தண்ணீர் மேலே நிற்கும் இடங்களில் மழைக்காலத்தில் குழி நிரம்பி நாறும், அங்கே இது வேண்டாம். கிணற்றுக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

முற்றமும் இரண்டு தென்னையும் உள்ள வீடு என்றால் நான் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க மாட்டேன். காய்கறிக் கழிவு புழுவுக்கு, மீன் குழிக்கு. எங்கள் அடுக்களையில் இதற்காகவே இரண்டு வாளிகள் இருக்கின்றன. மீன் நறுக்கும் நாளில் எந்த வாளியில் போடுவது என்று இப்போது யாரும் கேட்பதில்லை.